அரை லட்சத்துக்கு ஒரு வழிகாட்டி தேவையா?

ஜவ்வாது மலை ஏறும் பைக்குகளும், விலை உயர்ந்த ஜி.பி.எஸ். கருவிகளும்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் தேசிய நெடுஞ்சாலையில் கண்ணமங்கலத்தைத் தாண்டினால் போளூர். அங்கிருந்து மேற்கே திரும்பி, அத்திமூர் வழியாகக் காடும் கொண்டை ஊசி வளைவுகளுமாக ஏறினால், ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டரில் ஜமுனாமரத்தூர். சனி, ஞாயிறு காலைகளில் சென்னை, பெங்களூரு பதிவெண் கொண்ட பைக்குகள் கூட்டமாக இந்தச் சாலையைப் பிடிக்கின்றன. பீமன் நீர்வீழ்ச்சி, கோமுட்டேரி படகுத்துறை, காவலூர் வானியல் ஆய்வகம் என்று சுற்றிவிட்டு மாலையில் இறங்கிவிடுவார்கள். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்டில்பாரில் செல்போன் மாட்டியிருக்கும். எப்போதாவது ஒரு வண்டியில் மட்டும் கறுப்பாக, தடிமனாக, பைக்குக்கென்றே செய்யப்பட்ட ஜி.பி.எஸ். கருவி கண்ணில் படும். பக்கத்து வண்டிக்காரர்கள் அதை ஆசையோடு பார்ப்பதும், விலை கேட்பதும், கேட்டுவிட்டு மௌனமாவதும் வழக்கம்.

விலை அப்படி. கார்மின் நிறுவனத்தின் ஸூமோ எக்ஸ்.டி. கருவி 2020-ல் வந்தபோது அமெரிக்க விலை ஏறத்தாழ 500 டாலர். 2023-ல் வந்த எக்ஸ்.டி.2, ஏறத்தாழ 600 டாலர். இன்றைய மதிப்பில் அரை லட்சம் ரூபாய். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் சேரும். பழைய பைக் ஒன்றையே இந்தப் பணத்துக்கு வாங்கிவிடலாம். கையில் போன் இருக்கும்போது இத்தனை பணத்தை ஒரு வழிகாட்டிக் கருவியில் போடலாமா?

தமிழ்நாட்டுக்குள் வண்டி ஓட்டுபவருக்கு வேண்டாம் என்பதே என் பதில். கருவி மோசமானது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அது செய்யும் வேலையைச் செம்மையாகவே செய்கிறது. ஆனால் ஜவ்வாது மலையில் நமக்கு இல்லாதது எதுவோ, அதை அந்தப் பணத்தால் வாங்க முடியாது.

வானத்திலிருந்து வருவது எல்லோருக்கும் ஒன்றே

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். விலை கூடிய கருவிக்கு செயற்கைக்கோள் சிக்னல் நன்றாகக் கிடைக்கும், போனுக்கு டவர் இல்லாவிட்டால் இருக்கும் இடமே தெரியாது என்று பலர் நம்புகிறார்கள். இரண்டும் சரியில்லை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி, நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நம் கையில் இருக்கும் கருவி அந்தச் சிக்னலைக் கேட்க மட்டும் செய்கிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களிடமிருந்து சிக்னல் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து, நாம் நிற்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர் தள்ளிப்போகும். அதனால்தான் ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் அணுக் கடிகாரம். இதற்கு சிம் கார்டு வேண்டாம், டவர் வேண்டாம், கட்டணமும் கிடையாது.

ராணுவத்துக்காக அமெரிக்கா உருவாக்கிய ஏற்பாடு இது. 1983 செப்டம்பர் 1 அன்று, வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் போன கொரிய பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இதைப் பொதுமக்களுக்கும் திறந்துவிடுவோம் என்று அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது. அப்போதும் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். நூறு மீட்டர் வரை தவறும். 2000 மே மாதம் அதிபர் கிளிண்டன் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார். காரிலும் பைக்கிலும் வழிகாட்டிக் கருவி வைத்துப் பிழைக்கும் தொழில் ஒன்று பெருகியது அதற்குப் பிறகுதான்.

அந்தத் தொழிலின் முதல் பத்தாண்டில் தனிக் கருவிக்கு அர்த்தம் இருந்தது. ஸூமோ வரிசையின் முதல் கருவி வந்த 2006-ல், வரைபடமும் ஜி.பி.எஸ்.ஸும் சேர்ந்த போன் அபூர்வம். இன்று பதினைந்தாயிரம் ரூபாய் போனிலும் அமெரிக்க, ரஷ்ய, ஐரோப்பிய, சீனச் செயற்கைக்கோள்களைக் கேட்கும் சிப் இருக்கிறது. பல போன்களில் நம் நாட்டின் நாவிக்கும் சேர்ந்தே இருக்கிறது. இரண்டு அலைவரிசைகளில் கேட்டு, மலைச்சரிவில் மோதித் திரும்பும் சிக்னலை வடிகட்டும் வசதி 2018-லேயே போனுக்குள் வந்துவிட்டது. இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதில் அரை லட்ச ரூபாய்க் கருவிக்கு உங்கள் போனைவிடப் பெரிய மேன்மை ஒன்றும் கிடையாது.

பணம் போகும் இடம்

அப்படியானால் பணம் எதற்கு? வெயிலுக்கு, மழைக்கு, அதிர்வுக்கு.

வேலூர், திருவண்ணாமலை வட்டாரத்து மே மாத வெயிலைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாற்பது டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ஐபோனை 35 டிகிரி வரைக்குமான சூழலில் பயன்படுத்துங்கள் என்றுதான் ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. நேர் வெயிலில், முழு வெளிச்சத்தில், சார்ஜும் ஏறிக்கொண்டு, மேப்பும் ஓடிக்கொண்டிருந்தால் எந்த போனும் கொதிக்கும். முதலில் திரை மங்கும், பிறகு சார்ஜ் ஏறுவது நிற்கும், கடைசியில் போன் தானே அணைந்துவிடும். கண்ணமங்கலத்துக்கும் போளூருக்கும் நடுவே நிழலில்லாத நெடுஞ்சாலையில் இது நடந்தால் பரவாயில்லை, நேர் சாலை. மலை மேல் ஒரு பிரிவில் நின்றுகொண்டு இருண்ட திரையைப் பார்ப்பது வேறு அனுபவம். ஸூமோ போன்ற கருவிகளின் திரை ஆயிரம் நிட்ஸ் அளவு வெளிச்சம் தரும். வெயிலைத் தாங்குவதற்கென்றே வடிவமைத்திருக்கிறார்கள்.

மழையிலும் அப்படித்தான். தண்ணீர் புகாத போன்கள் இன்று நிறைய உண்டு. ஆனால் திரையில் விழும் மழைத்துளியை விரல் என்று நினைத்துக்கொண்டு போன் தானாகவே மேப்பை நகர்த்தும், பெரிதாக்கும். கையுறை போட்ட விரலையோ கண்டுகொள்ளாது. பைக் கருவிகள் கையுறை விரலுக்கும் பணியும்.

மூன்றாவது, அதிர்வு. இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: சக்தி வாய்ந்த பைக் எஞ்சின்களின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாகத் தொடர்ந்து ஏறினால் போனின் கேமரா பழுதாகலாம். படம் அசையாமல் எடுப்பதற்காகக் கேமராவுக்குள் லென்ஸை மிதக்கவிட்டு, காந்தத்தால் பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்த நுணுக்கமான அமைப்புக்கு ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் உதறல் ஒத்துக்கொள்வதில்லை. ஐபோனுக்கு மட்டும் உரிய சிக்கலும் இல்லை. அப்படிப்பட்ட கேமரா உள்ள எந்த போனுக்கும் உள்ள ஆபத்து. புல்லட்டில் எழுபதாயிரம் ரூபாய் போனை வெறும் இரும்புப் பிடியில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. தனிக் கருவியில் கேமரா இல்லை, கெடவும் ஒன்றும் இல்லை.

இன்னொரு நல்ல வாதமும் உண்டு. வண்டி சரிந்தால் ஹேண்டில்பாரில் இருப்பதுதான் முதலில் உடையும். அது போனாக இருந்தால் வழியும் போச்சு, உதவிக்கு அழைக்கும் வாய்ப்பும் போச்சு. டவர் விட்டுவிட்டுக் கிடைக்கும் மலையில், சார்ஜ் குறையாத போன் ஒன்று சட்டைப் பைக்குள் பத்திரமாக இருப்பது உயிர் காக்கும் விஷயம்.

இந்த நான்கு வாதங்களையும் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் நான்குக்கும் சேர்த்து ஒரு விடை நம் எல்லோர் வீட்டு அலமாரியிலும் கிடக்கிறது: பழைய போன். சிம் கழற்றிய, கேமரா கெட்டாலும் கவலைப்படாத, கீழே விழுந்தாலும் மனம் பதறாத போன். ஜவ்வாது மலைப் பகுதி முழுவதையும் வீட்டு வைஃபையில் முன்கூட்டியே அதில் இறக்கி வைத்துக்கொண்டால், டவர் இல்லாத இடத்திலும் வழி காட்டும். கூகுள் மேப்ஸில் இதைச் செய்யலாம். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் போன்ற இலவச ஆப்களிலும் செய்யலாம். அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டர், பேட்டரியிலிருந்து ஒரு யு.எஸ்.பி. சார்ஜர், மழைக்கு ஒரு உறை. எல்லாம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். வெயிலில் திரை கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். நிழலில் நின்று பார்த்துக்கொள்ளலாம். மலைப்பாதையில் ஓடிக்கொண்டே திரையைப் பார்ப்பது எப்படியும் தவறு.

வெளிச்சத்தைப் பற்றி இன்னொன்று. காவலூரில் 1968-ல் வானியல் ஆய்வகம் வந்ததற்கும், 1986-ல் 2.3 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே நிறுவப்பட்டதற்கும் முக்கியமான காரணம் இந்த மலையின் இருட்டு. அந்த இருட்டில் முகத்துக்கு நேரே பளிச்சென்று ஒரு திரை எரிந்தால், எதிரே வளைவில் நிற்கும் மாடு கண்ணுக்குத் தெரியாது. போனோ கருவியோ, இருட்டியதும் திரையின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்குங்கள்.

மேப்புக்குத் தெரியாத மலை

எனக்கு முக்கியமாகப் படுவது இனிமேல்தான். கருவி எத்தனை உறுதியானதாக இருந்தாலும், அது காட்டும் வரைபடம் சரியாக இருந்தால்தானே வழி சரியாக இருக்கும்? பணம் கூடக் கூட வரைபடம் நன்றாகிவிடுவதில்லை. ஜவ்வாது மலையின் சிற்றூர்களுக்கு இடையே ஓடும் பாதைகளை யாரும் அக்கறையோடு அளந்து பதிவு செய்யாதவரை, ஐயாயிரம் ரூபாய் போனும் ஐம்பதாயிரம் ரூபாய்க் கருவியும் ஒரே அளவுக்குத்தான் அறியாமையில் இருக்கும்.

இந்த மலையின் அமைப்பே அப்படி. தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் பள்ளத்தாக்குகளிலும் மேட்டு நிலங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. மேல்பட்டு, மேல்சிலம்படி, கீழ்செப்பிலி என்று மேலும் கீழுமாகப் பெயர்கள். ஒன்றைத் தேடினால் மேப் இன்னொன்றைக் காட்டும். மலைக்கு ஏறும் வழிகளும் பல: போளூரிலிருந்து அத்திமூர் வழி, வேலூரிலிருந்து அமிர்தி வழி, செங்கம் பக்கத்தில் பரமனந்தல் வழி, வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழி. இவற்றை மேப் ஒழுங்காகச் சொல்லும். இந்தத் தார்ச்சாலைகளை விட்டு உள்ளே திரும்பும்போதுதான் தகராறு. செயற்கைக்கோள் படத்தில் கோடாகத் தெரிவதெல்லாம் பாதை என்று பதிவாகிவிடுகிறது. அது மாடு போகும் தடமா, மழையில் ஓடையாகிவிடும் மண்பாதையா, வனத்துறை சங்கிலி போட்ட காப்புக்காட்டு வழியா என்பது படத்தைப் பார்த்தால் தெரியாது. செய்யாறும் கமண்டல நாகநதியும் மிருகண்டா நதியும் பிறக்கும் மலை இது. ஐப்பசி மழையில் ஒரே இரவில் பாதைகள் மாறிவிடும்.

கூகுள் நிறுவனம் பைக்குக்கென்று தனி வழித்தேர்வை உலகிலேயே முதலில் 2017 டிசம்பரில் இந்தியாவில்தான் கொண்டுவந்தது. நகரத்துச் சந்துகளில் அது பெரிய உதவி. கார் நுழையாத குறுக்கு வழிகளைத் தேடித் தருவதுதான் அதன் வேலை. மலையில் குறுக்கு வழி என்றால் என்ன என்று ஜமுனாமரத்தூர்க்காரர்களைக் கேளுங்கள். விலை கூடிய கருவிகளிலும் வளைவுகள் நிறைந்த, மேடுபள்ளமான பாதையைத் தேர்ந்து கொடுக்கும் வசதி உண்டு. அதை ஒரு பெருமையாகவே விளம்பரப்படுத்துகிறார்கள். வரைபடம் நம்பகமாக உள்ள ஐரோப்பிய மலைகளில் அது இன்பம். இங்கே ஆபத்து.

ஆபத்து என்று பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2023 அக்டோபரில் கேரளத்தின் கோதுருத்தில், கொட்டும் மழை இரவில் மேப் காட்டிய வழியில் போனதாகச் சொல்லப்படும் கார் ஆற்றுக்குள் பாய்ந்து இரண்டு இளம் மருத்துவர்கள் இறந்தார்கள். 2024 ஜனவரியில் நம் கூடலூரில் ஒரு கார் மேப்பை நம்பிப் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, ராம்கங்கை ஆற்றின் மீது பாதியில் அறுந்து நின்ற பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அவர்களும் மேப்பைப் பார்த்தே போனதாகச் செய்தி. செயற்கைக்கோள் அவர்கள் இருந்த இடத்தைத் துல்லியமாகவே சொல்லியிருக்கும். முன்னால் சாலை இல்லை என்ற தகவல்தான் வரைபடத்தில் ஏறவில்லை.

இதே கிழக்குத் தொடர்ச்சி மலையில், அணைக்கட்டு பக்கத்து அல்லேரி மலைக்கு வருகிறேன். 2023 மே மாதம் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலோடு வந்த ஆம்புலன்ஸ், சாலை சரியில்லாததால் பாதி வழியில் நின்றுவிட, தாய் குழந்தையை மார்போடு அணைத்தபடி மலையேறி நடந்தார். தமிழ்நாடே பார்த்துக் கலங்கிய செய்தி. வார இறுதியில் நமக்கு வழி தவறினால் ஒரு மணி நேரம் வீணாகும். அந்த ஊர்களுக்கு வழி என்பது வேறு விஷயம். பைக் கருவி பற்றிய கட்டுரையில் இதை ஏன் இழுக்கிறாய் என்று கேட்கலாம். வழி என்ற சொல்லை வாயில் எடுத்துவிட்டு, இந்த மலையைப் பற்றி எழுதிவிட்டு, அதைச் சொல்லாமல் போக என்னால் முடியவில்லை.

இரண்டு சட்ட விஷயங்கள்

வண்டி ஓட்டும்போது போனைக் கையாள்வது குற்றம். ஆனால் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில், வழி பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் முதல் மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. எனவே ஹோல்டரில் மாட்டி வைத்த போனுக்குத் தனிக் கருவி அளவுக்கே சட்டத்தில் இடம் உண்டு.

அடுத்தது, தெரியாமல் பலர் மாட்டிக்கொள்வது. ஜி.பி.எஸ். கருவி கேட்க மட்டும் செய்யும். அதை வைத்துக்கொள்ளத் தடையில்லை. டவர் இல்லாத இடத்திலிருந்தும் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் இன்ரீச் போன்ற கருவிகள் வேறு வகை. மலையேறிகளுக்கும் பைக் பயணிகளுக்கும் உண்மையிலேயே பணத்துக்குத் தகுந்த பொருள் அதுதான். ஆனால் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பது சட்டவிரோதம். 2024 டிசம்பரில் கோவாவில் இந்தக் கருவியோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள் பிடிபட்டார்கள். வெளிநாட்டு உறவினர் பரிசாக வாங்கி வந்தாலும் சிக்கல்தான்.

யார் வாங்கலாம்?

லடாக், ஸ்பிதி என்று மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள், நேபாளம், பூடான் தாண்டி வெளிநாட்டுச் சாலைகளில் போகிறவர்கள், பயணக் குழுக்களை அழைத்துப்போவதையே தொழிலாகக் கொண்டவர்கள் வாங்கலாம். நம்முடைய பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. பல நாள் மழையிலும் தூசியிலும் தொடர்ந்து உழைக்கும் கருவி அங்கே விலைக்குத் தகுதியானது. மற்றவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. சென்னையின் ராயல் என்ஃபீல்டு 2023-ல் வெளியிட்ட ஹிமாலயன் 450-ன் வட்டத் திரையிலேயே கூகுள் மேப் தெரியும். அதற்கும் முன்பே, 2018-ல் ஓசூரின் டி.வி.எஸ். என்டார்க் ஸ்கூட்டரில் திருப்பங்களைக் காட்டும் வசதி வந்துவிட்டது. இவற்றுக்கு மூளை போன்தான். போன் பைக்குள் இருக்கும், திரை மட்டும் வண்டியில். புதிய வண்டி வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம்.

பழைய வண்டிக்காரர்களிடம் அரை லட்சம் கையில் இருந்தால், நல்ல ஹெல்மெட், இரண்டு டயர், பிரேக், முதலுதவிப் பெட்டி எல்லாவற்றுக்கும் செலவழித்தும் மிச்சம் வரும். போளூரிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். பிரிவு வந்தால் வண்டியை நிறுத்தி ஆட்களைக் கேளுங்கள். கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. “அண்ணே, இந்த வழி போகுமா?” என்றால், “போகும்” என்பார்கள்; அவர்கள் நடந்து போகும் வழி அது. “நேத்து பெஞ்ச மழைக்கு இதுல பைக் போச்சுங்களா?” என்று கேட்டால்தான் உண்மையான விவரம் கிடைக்கும். எந்தச் செயற்கைக்கோளிடமும் இல்லாத விவரம் அது.

வரைபடத்தை நாமே திருத்தலாம்

நாம் ஏற்கெனவே பணம் கொடுத்த வழிகாட்டி ஒன்று வானத்தில் இருக்கிறது. 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் செயற்கைக்கோளை ஏவி, 2016-க்குள் ஏழையும் நிறுத்திய நாவிக். அணுக் கடிகாரங்கள் சிலவற்றில் பழுதானதால் அது தடுமாறுகிறது. 2023 மே மாதம் நம் நாட்டிலேயே செய்த அணுக் கடிகாரத்தோடு என்.வி.எஸ்.-01 போனது நல்ல செய்தி. 2025 ஜனவரியில் ஏவிய என்.வி.எஸ்.-02 உரிய பாதையை எட்டாதது வருத்தம். இஸ்ரோ இதை நிமிர்த்தியாக வேண்டும். நம் மலையில் எங்கே நிற்கிறோம் என்பதை அடுத்த நாட்டின் தயவில்லாமல் அறிவது நமக்கு அவசியம்.

வரைபடத்துக்கோ இஸ்ரோவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2004-ல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம். 2010 ஜனவரியில் ஹைத்தி நாட்டை நிலநடுக்கம் சிதைத்தபோது, உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து அதன் தலைநகரத்துத் தெருக்களைச் சில நாட்களில் வரைந்து முடித்தார்கள். மீட்புப் படைகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்தன. இந்தியாவிலும் 2021 பிப்ரவரியில் வரைபடம் தயாரிப்பதற்கான கட்டுப்பாடுகளை மத்திய அரசு பெருமளவு தளர்த்திவிட்டது. வாரம்தோறும் ஜவ்வாது மலையேறும் ஒவ்வொரு பைக்கும் போன வழியை இலவச ஆப்பில் பதிவு செய்ய முடியும். அதைப் பதிவேற்றி, எது தார், எது மண், எங்கே காப்புக்காடு, எங்கே பாலம் என்று குறிக்க முடியும். போளூர், ஜமுனாமரத்தூர் மாணவர்களுக்கு ஊர்ப் பெயர்கள் நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அவர்கள் கை வைத்தால் ஒரே விடுமுறையில் இந்த மலையின் வரைபடம் வேறாகிவிடும். ஜமுனாமரத்தூர் மருத்துவமனையிலிருந்து தொடங்கலாம்: அங்கிருந்து எந்தெந்தச் சிற்றூர் வரைக்கும் 108 வண்டி போகும், எந்த இடத்தோடு நின்றுவிடும், அதற்குப் பிறகு எத்தனை கிலோமீட்டர் நடக்க வேண்டும்.